கைடிடம் கேட்க முடியாததைப் பக்கத்து மேஜையில் கேள்

முத்தோரை, ஊட்டி

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது.

பிஎச்டிக்காக நீ பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்ததையும், அதை மதிப்பிட்ட ரிவ்யூவர் எழுதியதை ஒரு தடவைக்கு மேல் படிக்க மனசில்லாமல் மூடி வைத்ததையும் லேபில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்றாய். அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் போய்ச் சொல் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் உன் அரையாண்டு அறிக்கையைப் பார்ப்பவரும் அவர், நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் தரப்போகிறவரும் அவர். அவர் முன்னால் உட்கார்ந்து 'இந்தப் புள்ளியியல் பகுதியே எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அதைக் கேட்க வேறு ஆள் வேண்டும். போன வருஷம் அதே இடத்தில் திணறி, இப்போது தாண்டிவிட்ட ஒருத்தர்.

இங்கே முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பில் வேலை பார்த்த காலத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தவன் நான். ஊர் இருக்கும் அட்சரேகை 11 டிகிரி, மலைச் சரிவும் 11 டிகிரி. அதனால் அந்தச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் டெலஸ்கோப், பூமியின் அச்சுக்கு இணையாகச் சுழன்று, வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரும். புதிதாக வந்த பையனுக்குத் திரையில் எது பல்சர் என்னும் சீராகத் துடிக்கும் விண்மீன், எது வெறும் இடைஞ்சல் என்று தெரியாது. நடுராத்திரியில் பேராசிரியரை எழுப்பவும் மாட்டான். பக்கத்தில் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருக்கும் சீனியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனா முனையால் திரையைத் தொட்டு, "இந்த மேடு ஒரே இடைவெளியில் வருதா பாரு, வரலைன்னா விட்டுடு" என்பான். அடுத்த வருஷம் அதே பேனாவோடு இந்தப் பையன் இன்னொருத்தனுக்குக் காட்டிக்கொண்டிருப்பான்.

அந்த டெலஸ்கோப் வந்ததன் பின்னாலும் இப்படிச் சேர்ந்த நாலு பேர் இருந்தார்கள். 1961-ல் வெளிநாட்டில் இருந்த கோவிந்த் ஸ்வரூப், மேனன், குண்டு, கிருஷ்ணன் ஆகிய நான்கு இளம் ஆராய்ச்சியாளர்கள், இந்தியாவில் ரேடியோ வானியல் குழு அமைக்க வேண்டும் என்று ஒன்றாகக் கடிதம் எழுதினார்கள். 1962 ஜனவரியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ஹோமி பாபா தந்தியிலேயே சம்மதம் சொன்னார். ஸ்வரூப் 1963-ல் திரும்பினார். 1970-ல் டெலஸ்கோப் ஓட ஆரம்பித்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் ஏற்பாடு செய்து தரும்வரை காத்திருக்காதே. நாலைந்து பேர் போதும். எல்லாரும் ஒரே கைடின் ஆட்களாக இருந்தால் வாய் திறக்க மாட்டார்கள், வேறு துறையிலிருந்தும் கூப்பிடு. ஒருவராவது தீசிஸ் கொடுத்து முடித்தவராக இருக்கட்டும். சினாப்சிஸ் என்ற தீசிஸ் சுருக்கம் எழுதுவது, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்பது, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் எந்தப் பக்கத்தைத் திருத்துவது, இதெல்லாம் விதிப் புத்தகத்தைவிட அவருக்குத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள் கூடுங்கள். ஒருவர் தன் அரைகுறை எழுத்தைக் கொண்டுவர வேண்டும், முடித்ததை அல்ல. முடித்ததைக் காட்டினால் பாராட்டுதான் கிடைக்கும். ஃபெல்லோஷிப் பணம் தாமதமாவதைப் பற்றிக் கொஞ்ச நேரம் புலம்பிக்கொள்ளுங்கள், அதுவும் வேண்டும். அப்புறம் வேலை. அங்கே பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது. இதில் மட்டும் கறாராக இரு. ஒரு தடவை வெளியே போனால் அப்புறம் யாரும் மனசு திறந்து பேச மாட்டார்கள்.

முதல் நாள் நீயே அந்த ரிவ்யூவர் கடிதத்தைக் கொண்டுபோ. சீகை மரத்தடி மண் மாதிரிகள் போதாது என்று அவர் எழுதியது உனக்குத் திட்டாகத் தெரிகிறது. இன்னொருத்தர் படித்தால், எத்தனை மாதிரி கூடுதலாக எடுக்கலாம், எதை வாசகத்தைத் திருத்தியே சமாளிக்கலாம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்.

முதல் வருஷத்தில் ஒரு தென்காசிப் பெண் தனியாகச் சாப்பிடுகிறாள் என்றாயே, அவளையும் கூப்பிடு. பிஎச்டி முடிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் இடத்தில் எப்படி என்று அவளுக்கு நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா வர்க்கியும் நீலகிரித் தைலமும் பார்சல் போட்டிருக்கிறாள். வர்க்கி ஐந்து பேருக்கு ஆகும்படிதான் வாங்கினோம். கிடைத்ததும் போன் செய், எந்தக் கிழமை கூடுவதாக முடிவாயிற்று என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா