காரைச் சுவருக்கு சிமென்ட் பூச வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய அரசு மாளிகைகளைப் புதுப்பித்து நவீன அலுவலகங்களாக்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பூட்டிப் போட்ட கட்டடத்தில் வௌவாலும் அரசங்கன்றும்தான் குடியிருக்கும், ஆள் புழங்கினால்தான் அது நிற்கும் என்பது சரி. ஆனால், ஊழியர்களின் வசதிக்காகப் பழமையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. விட்டுக்கொடுத்த அலுவலகம் ஒன்றில்தான் நான் வேலை பார்த்தேன். அங்கே பழமையும் போனது, வசதியும் வரவில்லை.

அது ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்த வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். புதுப்பிக்கிறோம் என்று சுண்ணாம்புப் பூச்சை இடுப்புயரம் வரை கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஓதத்தை உறிஞ்சினாலும் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடுத்த மழைக்காலத்தில் சிமென்ட் பூச்சுக்கு மேலே உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம்போல் பொரிந்து, பதிவேடுகளின் மேல் உதிர ஆரம்பித்தது. தலைக்கு மேலே ஏ.சி.க்காக ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள். கூரை ஒழுகினால் பார்க்க வழியில்லை. ஒருநாள் நனைந்து ஊறிய பலகை பீரோ மேல் விழுந்த பிறகுதான், கூரையைத் தாங்கும் தேக்குக் கட்டை சுவரில் செருகியிருக்கும் முனை இற்றுப்போனது தெரிந்தது.

இதற்கு நேர்மாறாகச் செய்யலாம் என்பதற்குச் சென்னையின் சேப்பாக்கம் அரண்மனையே சாட்சி. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியது அது. கடைசி நவாப் 1855-ல் வாரிசில்லாமல் இறந்தபின் ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. அதன் இரு பகுதிகளான கலஸ் மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவில் நிற்கும் கோபுரம், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் பின்னாளில் சேர்த்தது. ஆக, அரண்மனைக்குள் ஃபைல் நுழைந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது! 2012 ஜனவரியில் கலஸ் மகால் தீப்பிடித்து எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். மிஞ்சிய சுவர்களைப் பார்த்து, இனி இடிப்பதுதான் பாக்கி என்று திருவல்லிக்கேணியில் பேசிக்கொண்டோம். இடிக்கவில்லை. பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையைக் கொண்டே அதை மீட்டெடுத்தது. இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது.

இந்தக் கட்டடங்களின் கூரையான மெட்ராஸ் டெரஸைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. தேக்குக் கட்டைகளுக்கு மேலே சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், கோணமாக, சுண்ணாம்பு வைத்து வரிசை வரிசையாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டையான ஓடு பதிப்பார்கள். உயரமான கூரை, கனத்த சுவர், மேலே வெப்பக்காற்று வெளியேற வென்டிலேட்டர், வெயில் நேராக விழாதபடி வராந்தா என எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து ஏ.சி. வென்டிலேட்டரை அடைத்து, வராந்தாவை அலுமினியத் தடுப்பு போட்டு இன்னொரு செக்‌ஷன் ஆக்கிவிட்டு, 'உள்ளே புழுங்குகிறது' என்று புலம்புவதில் என்ன நியாயம்?

ஏ.சி.யே கூடாது என்று சொல்லவில்லை. மே மாதச் சென்னையில் அப்படிச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. வெளி யூனிட்டுகளை முகப்பில் தொங்கவிடாமல் பின்பக்கம் தரையில் வைக்கலாம். சுவரை வெட்டி ஒயர் புதைக்காமல் வெளியே குழாயில் கொண்டுபோகலாம். அறை பிரிக்க, கூரையைத் தொடாமல் தனியாக நிற்கும் கண்ணாடித் தடுப்பு போதும். வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றிவிடலாம். லிஃப்டும் கழிப்பறையும் கட்டடத்தை ஒட்டித் தனியாக வரட்டும்.

அப்புறம், பராமரிப்பு. திறப்பு விழாவோடு ஒப்பந்ததாரர் போய்விடுவார். குடிவந்த அலுவலகமோ, அடுத்த வாரமே கேலண்டர் மாட்ட ஆணி அடிக்கும். கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள், ஒப்படைக்கும்போதே என்ன செய்யலாம், என்ன கூடாது என்று தமிழில் ஒரு கையேட்டையும் தரவேண்டும். வருடா வருடம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மொட்டை மாடி வடிகால்களைச் சுத்தம் செய்து, முளைத்த செடிகளை வேரோடு எடுத்து, கட்டை முனைகளைத் தட்டிப் பார்க்கவும், மின்இணைப்புகளைச் சோதிக்கவும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையாவது நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். இப்போது புதுப்பிப்பில் இருக்கும் கட்டடங்களின் மதிப்பீட்டில் இந்தச் செலவுகளுக்கு இடமுண்டா என்று தங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
சென்னை-5