பெர்லினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே நவம்பர் கடைசி, மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் இல்லை என்பதால் அரிசி, தயிர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுகிறேன். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

"அங்கே என்னதான்டா செய்றே?" என்று கேட்டீர்களே, போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. உங்கள் காஸ்டிக் சோடா ஆலையில், உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் செல் ஹவுஸில், நேர்முனையான கிராஃபைட் ஆனோடு தேய்ந்துகொண்டே போகும், அப்புறம் டைட்டானியம் ஆனோடு வந்துதான் நிம்மதி என்பீர்கள் அல்லவா? அந்த டைட்டானியத்தின் மேல் பூச்சாக இருந்தது ருத்தேனியம் ஆக்ஸைடு. 1960களில் ஹென்றி பீர் கண்டுபிடித்த பூச்சு அது. அங்கே உப்புக் கரைசலிலிருந்து குளோரின் வந்தது, இங்கே நாங்கள் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்த நாட்டில் மின்சாரம் மிஞ்சி அதன் விலையே பூஜ்யத்துக்குக் கீழே போவதுண்டு, அதை ஹைட்ரஜனாகச் சேர்த்து வைக்கலாம் என்பதுதான் எண்ணம்.

கணக்குப்படி தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். ஆனால் ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு உருவாக நாலு எலக்ட்ரான் போயாக வேண்டும் என்பதால் ஆக்ஸிஜன் வரும் ஆனோடு பக்கத்தில்தான் கூடுதல் வோல்ட் வீணாகிறது. அமிலத்தில் ருத்தேனியம் ஆக்ஸைடு பிரமாதமாக வேலை செய்யும், ஆனால் கரைந்துவிடும். இரிடியம் என்ற அரிய உலோகம் தாங்கும், ஆனால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சில டன்தான் கிடைக்கிறது, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து. அதை நம்பி எத்தனை ஆலை கட்டுவது?

அதனால் நான் காரக் கரைசலில் நிக்கலோடு மல்லுக்கட்டுகிறேன். பஞ்சுபோல் துளைகள் உள்ள, நகத்தளவு நிக்கல் நுரைத் துண்டு, அதன் மேல் வெளிர்பச்சைப் படலம். வோல்ட் ஏற்றினால் படலம் கருத்துவிடும், அப்புறம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். நிக்கல்தான் கெட்டிக்காரன் என்று பலர் நினைத்திருக்க, 2014இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கரைசலிலிருந்து இரும்பைச் சுத்தமாக நீக்கிப் பார்த்தார்கள், ஆக்ஸிஜன் வரும் வேகம் படுத்துவிட்டது. அத்தனை நாளும் கரைசலில் அழுக்காகக் கிடந்த இரும்புதான் உள்ளே புகுந்து வேலையைச் செய்திருக்கிறது. எனக்கு இதில் தீராத பிரமிப்பு அப்பா. இரும்பு எங்கேதான் கிடைக்காது!

ஆனால் அந்த இரும்பு நாளாவட்டத்தில் கரைசலுக்குக் கழன்று போகிறது, அதை நிறுத்தி வைப்பதுதான் இப்போது என் வேலை. ஒன்று கேட்க வேண்டும். ஆனோடு பூச்சு போகும்போது உங்கள் செல்லில் வோல்டேஜ் மெல்ல மெல்ல ஏறுமா, இல்லை கடைசியில் ஒரேயடியாகக் குதிக்குமா? நீங்கள் கண்ணால் பார்த்தவர், விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்