சரி, தவறு, தெரியவில்லை

வுட்லண்ட்ஸ்,
சிங்கப்பூர்.

அன்புள்ள சேகர்,

நலம். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்று நீ திட்டுவது இங்கே கேட்கிறது. வீடு மாற்றினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னவன் தேசிய சேவைக்குப் போய், தேக்கோங் தீவில் மொட்டைத் தலையோடு ஓடிக்கொண்டிருக்கிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக. அதைப் பொறுமையாகக் கேட்க இந்தத் தீவில் ஆள் இல்லை. "இதையெல்லாம் சேகர் அண்ணனுக்கே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

இங்கே இப்போது எங்கு பார்த்தாலும் 'இன்வாய்ஸ்நவ்' பேச்சு, கணினிக்குக் கணினி பில் அனுப்புகிற ஏற்பாடு. அதற்கு அடிப்படையான, ஐரோப்பாவில் வளர்ந்த பெப்போல் முறையை 2018இல் சிங்கப்பூர் எடுத்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். இப்போது ஜிஎஸ்டியும் அதில் சேர்ந்துகொண்டது. தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் புதிதாகப் பதிவு செய்கிற எல்லாரும் 2026 ஏப்ரல் 1 முதல் விலைப்பட்டியல் விவரங்களை அந்த வழியாகத்தான் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். சிராங்கூன் சாலையில் மசாலா விற்கிறவர் தட்டுகிற பில், யூபிஎல் என்கிற வடிவத்தில், ஒவ்வொரு விவரத்துக்கும் குறிச்சொல் இட்ட எக்ஸ்எம்எல் கோப்பாக மாறி ஓடுகிறது. அந்தக் கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பது எங்கள் பிழைப்பு.

அதற்கு ஒரு பேஸ் கிளாஸ், அதாவது ஒவ்வொரு வகைச் சோதனை நிரலுக்கும் பொதுவான தாய் நிரல், வேண்டும் என்று முடிவானது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் எழுதினான். கெட்டிக்காரன், வேகமானவன், நம் இருவரையும் அந்த வயதில் பார்த்த மாதிரியே இருக்கிறான். பிடிவாதம் உட்பட. அவன் கிளாஸில் ஒரே ஒரு மெத்தட், அதாவது ஒரே ஒரு செயல். ஆவணத்தைக் கொடுத்தால் சரி அல்லது தவறு என்று சொல்லும். கேட்டால், பைத்தான் மொழியின் எல்எக்ஸ்எம்எல் என்கிற நிரல் நூலகத்தைக் காட்டுகிறான். அங்கே டிடிடி, ரிலாக்ஸ் என்ஜி, எக்ஸ்எம்எல் ஸ்கீமா (எக்ஸ்எஸ்டி) என்று ஆவணத்தின் வடிவத்தை விதிக்கிற மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பேஸ் கிளாஸ்தான், 'வேலிடேட்' என்று கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் என்கிறான். உண்மைதான். ஆனால் நூலகம் எழுதுகிறவனுக்குப் போதுமானது, வாசலில் நிற்கிறவனுக்குப் போதாது.

ஒரு பில்லை எடுத்துக்கொள். பொருள்களின் கூட்டுத்தொகை 1,250 வெள்ளி (டாலர்). 9 விழுக்காடு ஜிஎஸ்டி 112.50. மொத்தம் 1,362.50 வர வேண்டும். யாரோ இலக்கத்தை மாற்றி 1,326.50 என்று தட்டிவிட்டார். எக்ஸ்எஸ்டி இதைப் பார்த்துவிட்டு அழகாகத் தலையாட்டும். தேதிக்கு முன்னால் பில் எண் வந்திருக்கிறதா, தொகை எண்ணாக இருக்கிறதா என்பதோடு அதன் கவலை முடிந்தது. கூட்டல் தப்பு என்று கண்டுபிடிப்பது, உள்ளே இருக்கிற மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிற ஸ்கீமட்ரான் விதிகள்தாம். எனவே இரண்டும் வேண்டும், முதலில் வடிவம், பிறகு கணக்கு. இதுவரை தம்பிக்கும் எனக்கும் சண்டை இல்லை.

சண்டை எங்கே வந்தது தெரியுமா? பெப்போலின் ஸ்கீமட்ரான் விதிகளை ஓட்ட, எக்ஸ்எம்எல்லை உருமாற்றுகிற எக்ஸ்எஸ்எல்டி மொழியின் 2ஆம் பதிப்பு தேவை. எல்எக்ஸ்எம்எல்லுக்கு அடியில் இருக்கிற நூலகத்துக்கு 1.0 தாண்டித் தெரியாது. ஆகவே அந்தப் பதிப்பு தெரிந்த சாக்ஸன் என்கிற நிரலைத் தனியாக ஓட வைத்து அதனிடம் கேட்கிறோம். தனியாக ஓடுகிற ஒன்று சில நேரம் எழுந்தே வராது. நினைவகம் தீர்ந்துபோகும், விதிக் கோப்பு கிடைக்காது. அப்போது அதனிடம் கேட்கிற சேய் கிளாஸ், அதாவது பேஸ் கிளாஸிலிருந்து பிறந்த நிரல், என்ன சொல்ல வேண்டும்? 'சரி' என்றால் பார்க்காத பில் பார்த்த பில்லாகப் போய்விடும். 'தவறு' என்றால் குற்றமே செய்யாத கடைக்காரருக்கு உங்கள் பில் செல்லாது என்று கடிதம் போகும். தம்பி எக்ஸப்ஷன், அதாவது ஓட்டத்தை நிறுத்துகிற கோளாறு அறிவிப்பு, எறிந்துவிடலாம் என்றான். எறிந்தால் பிடிக்க வேண்டுமே! இரவில் ஓடுகிற நிரலில் யாரோ எல்லா எக்ஸப்ஷனையும் மொத்தமாகப் பிடித்து விழுங்கியிருக்கிறார்கள். அப்படி எழுதுகிறவர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள், நமக்குத் தெரியாததா.

அதனால் நான் சொல்வது இதுதான், சேகர். பேஸ் கிளாஸ் திருப்பித் தர வேண்டியது ஒரு விடை அல்ல, ஓர் அறிக்கை. அதற்கு மூன்று நிலை: சரி, தவறு, பார்க்க முடியவில்லை. மூன்றாவது நிலையைச் சேய் கிளாஸ் எழுதுகிறவன் மறக்க முடியாதபடி பேஸ் கிளாஸே பிடித்துவைக்க வேண்டும். சேய் எழுதுவது ஒரே ஒரு உள்மெத்தட். அதை அழைப்பதும், அது கவிழ்ந்தால் 'பார்க்க முடியவில்லை' என்று பதிவதும் தாயின் பொறுப்பு. பார்சிங்கும், அதாவது கோப்பைப் படித்துப் பிரிப்பதும், தாயிடமே இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகப் பார்ஸ் செய்தால், ஏதாவதொன்று என்டிட்டிகளை, அதாவது கோப்பைப் படிக்கும்போது வேறு உரையாக விரிகிற சுருக்கப் பெயர்களை, அடைக்க மறந்துவிடும். ஒரு கேபி கூடத் தேறாத கோப்பு, என்டிட்டிக்குள் என்டிட்டியாக விரிந்து நூறு கோடி 'லால்' ஆகும் அந்தப் பழைய விஷமத்தை நீதானே எனக்கு முதலில் காட்டினாய், அதுவும் என் கணினியிலேயே!

அறிக்கையும் அந்தந்த ஆவணத்தோடு பிறந்து அதோடு போக வேண்டும். எல்எக்ஸ்எம்எல்லில் பிழைப் பட்டியல் வேலிடேட்டரிடமே தங்கும், அதில் இருப்பது கடைசியாகப் பார்த்த ஆவணத்தின் கதை மட்டும். ஜாவாக்காரர்கள் இதை ஒழுங்காகப் பிரித்தார்கள்: ஸ்கீமா என்பதை ஒரே நேரத்தில் ஓடுகிற எத்தனை திரெட்டும் பகிரலாம், வேலிடேட்டரைப் பகிரக்கூடாது. தம்பிக்கு ஜாவா என்றாலே முகம் சுளிக்கிறது. உனக்கும்தான், எனக்குத் தெரியும்.

பிழை எந்த இடத்தில் என்பது அடுத்த தலைவலி. எக்ஸ்எஸ்டி வரி எண் தருகிறது. ஸ்கீமட்ரான் அறிக்கையோ எக்ஸ்பாத், அதாவது கோப்புக்குள் அந்த இடத்துக்குப் போகிற பாதை, தருகிறது, வரி எண்ணே கிடையாது. தம்பி வரி எண்ணைக் கட்டாயம் ஆக்கி, இல்லாத இடத்தில் பூஜ்ஜியம் போட்டிருந்தான். அவனை உட்காரவைத்து நம் பழைய நூல்பட்டியல் கோப்பை ஓட்டிக் காட்டினேன். கோப்பின் அடிப்பகுதியில் இருந்த பிழைகள் அத்தனையும் 65535ஆம் வரியில் என்று வந்தன. நாங்கள் ஓட்டிய விதத்தில், எல்எக்ஸ்எம்எல்லுக்கு அடியில் இருக்கிற நூலகம் வரி எண்ணை 16 பிட்டில் வைத்தது, அதற்கு மேல் எண்ணவில்லை. தம்பி திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தான். வரி எண் இப்போது விருப்பம், பாதை கட்டாயம்.

ஒன்றில் மட்டும் இன்னும் இறங்கிவர மாட்டேன் என்கிறான். சின்னப் பிழைகளை வேலிடேட் செய்யும்போதே திருத்திவிடலாமாம். மிச்ச இடைவெளியை வெட்டுவது, ஒரு காசு வித்தியாசத்தைச் சரிசெய்வது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. இங்கே சோதனைச்சாவடி அதிகாரி நம் பெட்டியைத் திறந்து பார்ப்பார், துணியை மடித்து வைத்துத் தருவாரா? அந்தப் பில் இன்னொருவர் அனுப்பியது, அதில் ஒரு காசைக்கூட மாற்ற நாம் யார்? டிடிடி காலத்திலேயே இந்தக் கோளாறு உண்டு: சரிபார்க்கிறேன் என்று உள்ளே போய், ஆவணத்தில் இல்லாத அட்ரிபியூட்டுகளுக்கு (குறிச்சொல்லோடு வரும் பண்புகளுக்கு) இயல்பு மதிப்புகளைச் சேர்த்துவிட்டு வெளியே வரும். ரிலாக்ஸ் என்ஜி செய்த ஜேம்ஸ் கிளார்க்கும் முராதா மக்கோத்தோவும் அந்த வேலையை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டார்கள். அது ஆவணத்தைத் தொடாமல் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். டாக்புக் என்கிற எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிய எங்கள் கையேடுகளை அதில் ஓட்டும்போது எனக்கு ஒரு நிம்மதி.

இதையெல்லாம் கேட்க நம் பழைய ஆசிரியர் செமிகோலன் சாரிடம் போனேன். தோ பாயோவில் அதே வீடு. என்னை உட்காரச் சொல்லி, "சேகர், உன் நண்பன் எப்படி இருக்கிறான்?" என்று என்னையே கேட்டார். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடிந்தால் சீக்கிரம் வா. தீபாவளி வரை தள்ளிப்போடாதே.

கிளாஸ் கோப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ பார்க்க வேண்டியது ஒரே இடம். பெப்போல் விதிகளில் சில 'ஃபேட்டல்' (மீறினால் பில் செல்லாது), சில 'வார்னிங்' (எச்சரிக்கை மட்டும்). எதைத் தவறு என்று எண்ணுவது என்பதைச் சேய் முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன். தாயே முடிவு செய்ய வேண்டும் என்கிறான் தம்பி. இதில் மட்டும் அவன் பக்கம் நியாயம் இருக்குமோ என்று படுகிறது. பார்த்து எழுது. அவனுக்கும் ஒரு நகல் போடு, ஆனால் அந்த என்டிட்டி விளையாட்டை மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ராஜா