சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் வாழும் அன்பர்களுக்கும், என் மகனின் பேச்சுப் பயிற்சியாளருக்கும், பள்ளி வேன் ஓட்டும் அண்ணனுக்கும் என் வணக்கம். உங்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது; ஆயினும் மனத்தில் உள்ளதை எனக்குத் தமிழில்தான் முழுமையாகச் சொல்ல வரும் என்பதால், இம்மடலை நானே உங்களிடம் வாசித்துப் பொருள் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இப்போது 9 வயது. துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு சிறிய இழுவைப் படகின் கதையைச் சொல்லும் 11 நிமிடக் கார்ட்டூனை அவன் 4 ஆண்டுகளாக ஏறக்குறைய நாள்தோறும் பார்த்து வருகிறான். 1960களில் கட்டப்பட்ட இவ்வீடுகளில் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர்தான் உண்டு. ஆகவே அப்படகின் ஊதல் எங்கள் வீட்டில் ஒலித்தபோதெல்லாம் அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் கூடத்திலும் ஒலித்திருக்கும். அவர் ஒரு நாளும் சுவரைத் தட்டியதில்லை. ஒரே ஒரு முறை எங்கள் கதவைத் தட்டினார்; அன்று படகுச் சத்தம் கேட்கவில்லையே, பிள்ளைக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பதற்காக.

முன்னொரு சமயம், அவன் சேர்ந்திருந்த மழலையர் பள்ளி ஒன்றில் சொன்னதைக் கேட்டு, அந்தக் கார்ட்டூனை 3 மாதம் அவன் கண்ணில் படாமல் மறைத்து வைத்தேன். அவன் வாயிலிருந்த சில சொற்களும் அந்த நாட்களில் அடங்கிப்போயின. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பயிற்சியாளர் அம்மா, நீங்கள்தான் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அவன் எந்தக் காட்சியின் வசனத்தை எப்போது சொல்கிறான் என்று எழுதி வரச் சொன்னீர்கள். எப்போதோ கேட்டதைப் பின்னர் அப்படியே திருப்பிச் சொல்வது பொருளற்ற உளறல் அன்று என்றும், பிரிசண்ட், ரைடல் என்னும் ஆய்வாளர்கள் 1984இலேயே அத்தகைய பேச்சுக்கு 14 வகைப் பயன்களைப் பிரித்துக் காட்டியுள்ளனர் என்றும் விளக்கினீர்கள். ‘கயிறு வந்துவிட்டது’ என்று அவன் சொன்னால் யாரோ உதவிக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள். ‘துறைமுகம் மூடியிருக்கிறது’ என்றால் தன்னால் தாங்க முடியவில்லை என்று பொருள். ஒரு நள்ளிரவில் காதைப் பொத்திக்கொண்டு இந்த இரண்டாவது வசனத்தையே அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, நோட்டில் எழுதியிருந்ததால் எனக்கு விளங்கியது. விடிந்ததும் மருத்துவரிடம் காட்டினோம், காதில் சீழ் பிடித்திருந்தது.

மின் பற்றாக்குறையால் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்திவைத்த 2023ஆம் ஆண்டின் லோட் ஷெட்டிங்கை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். பெரும்பாலும் இரண்டு மணி நேரம் மின்சாரம் போகும். படகு பாதி வழியில் நிற்கும். தொடங்கியது முடியாமல் நின்றுபோனால் இக்குழந்தைகள் படும் தவிப்பை குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைக் குறித்து எழுதிய கட்டுரையிலேயே காணலாம். நான் அதை என் வீட்டுத் தரையில் கண்டேன். மூன்றாவது வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி பேட்டரியும் இன்வர்ட்டரும் கொண்டுவந்து பொருத்திவிட்டு, கூலி வாங்க மறுத்துப் போனார்.

அவர் வருவதற்கு முந்தைய மாதங்களில் எங்களைத் தாங்கியவர் எதிர்வீட்டுக் கோகோதான்; ஜூலு மொழியில் கோகோ என்றால் பாட்டி. மெழுகுவர்த்தியோடு வருவார், தம் பச்சை வாளியைப் படகாக்கி, துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, கதையை விட்ட இடத்திலிருந்து நடத்துவார். ஓர் இரவு அவர் வரிசை மாறி நடத்திவிட்டார். என் மகன் அவர் கையைப் பிடித்து, “இல்லை கோகோ, முதலில் மணி” என்றான். கார்ட்டூனில் எங்கும் இல்லாத வாக்கியம் அது. அவனாகவே கோத்துச் சொன்ன முதல் வாக்கியம். இருட்டில் நாங்கள் இருவரும் அழுதோம், கோகோ.

வேன் அண்ணன் இன்றும் காலைதோறும் சீட் பெல்ட்டை மாட்டும்போது ‘கயிறு வந்துவிட்டது’ என்று சொல்கிறார். அதைக் கேட்ட பிறகே அவன் சாய்ந்து உட்காருகிறான்.

2024 மார்ச் இறுதிக்குப் பிறகு மின்வெட்டு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலையானால் அவன் கோகோ வீட்டு வாசலில் போய் நிற்கிறான். கோகோ, உங்கள் வாளியின் அடியில் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து அதை எறிந்துவிட வேண்டாம். துணி அலச வேறு வாளி நான் வாங்கித் தருகிறேன்.

நன்றியுடன்,
அவன் அம்மா