பாலத்தைத் தாண்டும் முன் ஒரு கணக்கு

நியூஜெர்சியில் எடிசன், பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் வின்ட்சர் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நண்பர் ஒருவர் கைபேசியை நீட்டினார். திரையில் இரண்டே வரி: வருமான வரி, பென்சில்வேனியா 3.07 சதவீதம், நியூஜெர்சி 10.75. “இதுக்கு மேல என்னங்க யோசனை?” என்றார். கேக் வெட்டுவதற்குள் பாதிப் பேர் மனசளவில் இரண்டு மாநிலங்களையும் பிரிக்கும் டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவின் நியூடவுனில் பால் காய்ச்சிவிட்டார்கள். அன்றைக்கு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் எழுதுகிறேன்.

10.75 என்பது பத்து லட்சம் டாலரைத் தாண்டும் வருமானத்துக்கு. நம் கூட்டத்தில் அப்படி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தால் கெட்டிக்காரத்தனமாக மறைத்து வைத்திருக்கிறார். நியூஜெர்சி வரி 1.4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. பென்சில்வேனியாவில் முதல் டாலரிலிருந்தே 3.07. அதோடு, பெரும்பாலான ஊர்களில் ஊராட்சியும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து சம்பளத்தில் இன்னொரு 1 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்று எந்த அட்டவணையிலும் வருவதில்லை.

கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டும் வீட்டில் வரிக்குரிய வருமானம் 1,00,000 டாலர் என்றால் நியூஜெர்சி கேட்பது 2,750. பென்சில்வேனியா 3,070, ஊர் வரியோடு 4,070. 1,50,000 என்றால் நியூஜெர்சி 5,512, அங்கே 6,105. 1,75,000-ஐ ஒட்டித்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது.

இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீடு அதைத் தாண்டிவிடுமே என்பீர்கள். தாண்டும்தான். ஆனால் நீங்கள் 401(கே) என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் போடும் பணத்தைப் பென்சில்வேனியா கழிக்க விடாது, போடும்போதே வரி. நியூஜெர்சி கழிக்க விடும். இரண்டரை லட்சம் சம்பாதிக்கும் தம்பதி 2025-இன் உச்சவரம்பான 23,500-ஐ ஆளுக்கு ஆள் போட்டால், நியூஜெர்சி 2,03,000-க்குத்தான் வரி கேட்கும்: சுமார் 8,900. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 10,175. ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பணத்தை எடுக்கும்போது பென்சில்வேனியா வரி கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நீங்கள் அப்போதும் அங்கேயே இருக்க வேண்டும்.

இனி, தினமும் ரயிலேறி மன்ஹாட்டன் போகிறவர்கள். உங்கள் சம்பளத்துக்கு முதல் வரி நியூயார்க் மாநிலத்துக்கு. அதைக் கட்டியதற்கு நியூஜெர்சி கழிவு தருகிறது. பெரும்பாலும் அந்தச் சம்பளத்தில் நியூஜெர்சிக்கென்று கட்ட மிச்சம் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். பென்சில்வேனியாவுக்குப் போனாலும் இதே கதை. நியூயார்க் எடுப்பதை எடுத்துவிடும், 3.07 காகிதத்தில் இருக்கும், உங்கள் பாக்கெட்டில் ஒரு டாலர் கூடச் சேராது. வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும் தப்ப முடியாது. உங்கள் வசதிக்காக வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் அதுவும் நியூயார்க்கில் பார்த்த வேலைதான் என்பது அவர்கள் சட்டம். இந்தக் கொடுமைக்குப் பதிலடியாக நியூஜெர்சியும் 2023-இல் அதே மாதிரி ஒரு சட்டம் போட்டது.

பிலடெல்பியாவில் வேலை என்றால் கணக்கு இன்னும் வேடிக்கை. வெளியூர்க்காரர் சம்பளத்திலும் அந்த நகரம் சுமார் 3.4 சதவீதம் பிடிக்கும். நியூஜெர்சிவாசி அதைத் தன் மாநில வரியில் கழித்துக்கொள்ளலாம். அக்கரையில் குடியிருப்பவர் அதையும் கட்டி, மேலே 3.07-ஐயும் கட்ட வேண்டும்.

நியூஜெர்சியில் வேலை, பென்சில்வேனியாவில் வீடு என்றால், இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள ஒப்பந்தப்படி குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் வரி. அதற்கு என்.ஜே.-165 என்ற படிவத்தை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் கொடுக்க மறந்து, வருஷம் முழுக்க நியூஜெர்சிக்குப் பிடித்தம் போய், ஏப்ரலில் நியூஜெர்சியிடம் ரீஃபண்டுக்கு மனுப்போட்டு, பென்சில்வேனியாவுக்கு மொத்தமாகக் கட்டினார். 2016-இல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி இந்த ஒப்பந்தத்தையே முறிக்கப் பார்த்து, பிறகு பின்வாங்கினார். ஒப்பந்தத்தை நம்பி முப்பது வருஷ மார்ட்கேஜ் எடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஆகவே, அக்கரையில் மிச்சம் என்று ஒன்று உண்டென்றால் அது வீட்டு வரியில்தான். அதில் நான் வாதாட மாட்டேன். நியூஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024-இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. நாட்டிலேயே நாம்தான் முதலிடம். யார்ட்லி பக்கம் போன என் நண்பருக்கு ஏறக்குறைய இதே விலை வீட்டுக்கு வருஷம் நாலாயிரம் குறைகிறது. அதில் பாலத்துக்குச் சுங்கம் போகிறது, அது வேறு.

அங்கே வீடு பார்க்கும்போது மதிப்பீட்டுத் தொகையைக் கண்டு துள்ளாதீர்கள். நியூடவுனும் யார்ட்லியும் இருக்கும் பக்ஸ் கவுண்டியில் எல்லா வீடுகளையும் கடைசியாக மறுமதிப்பீடு செய்தது 1972-இல். ஆறு லட்சம் டாலர் வீட்டுக்குக் காகிதத்தில் ஐம்பதாயிரம்கூட இருக்காது, அதனால் வரி விகிதம் பயங்கரமாகத் தெரியும். இரண்டையும் விட்டுவிட்டு, போன வருஷம் கட்டிய ரசீதைக் கேளுங்கள். ரசீது ஒன்றல்ல: கவுண்டிக்கும் ஊருக்கும் வசந்தத்தில் வரும், பள்ளிக்கு ஜூலையில் தனியாக வரும்.

நியூஜெர்சி வருமான வரியைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. பள்ளிகளை வீட்டு வரியை மட்டும் நம்பி நடத்துவது ஏழை ஊர்களுக்கு அநியாயம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியும் சட்டமன்றம் இழுத்தடித்தது. 1976 ஜூலை 1-இல் நீதிமன்றம் பள்ளிகளையே மூட வைத்தது. ஒரு வாரத்தில் ஆளுநர் பிரெண்டன் பைர்ன் வருமான வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த வரியால் ஒரே பதவிக்காலத்தோடு போய்விடுவார் என்று ‘ஒரு தவணை பைர்ன்’ எனக் கேலி செய்தார்கள்; அடுத்த வருஷத் தேர்தலில் மறுபடி ஜெயித்தார். வீட்டு வரிச் சுமையைக் குறைக்கத்தான் இந்த வருமானம் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். எவ்வளவு குறைந்தது என்பதை நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வரி கட்டும்போது பார்க்கிறோம்! ஆனாலும் அந்த ரசீதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு. நம்மில் பலர் இந்த ஊர்களைத் தேடி வந்ததே அந்தப் பள்ளிகளுக்காகத்தானே?

இன்னொன்று, விருந்தில் பேச முடியாத விஷயம். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும் சொத்தில் பென்சில்வேனியா 4.5 சதவீதம் எடுக்கும். நியூஜெர்சி பிள்ளைகளிடம் கேட்பதில்லை.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூஜெர்சியிலேயே வேலை, பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், பெரிய முற்றம் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். நானே வந்து சாமான் இறக்குகிறேன். கைபேசியை நீட்டிய நண்பருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அலுவலகம் வருஷா வருஷம் தரும் டபிள்யூ-2 சம்பளத் தாளில் 15-ஆம் கட்டத்தில் எந்த மாநிலம் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரன்