முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. "ஸ்டுடியோவில் ரொம்பக் கத்திப் பாடிவிட்டேன்பா, அதை வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றாய். போனை வைத்ததும் பரணில் இருந்து பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கேசட்டை இறக்கினேன். கல்லூரி நாளில் வாங்கியது. அதில் கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது சின்ன வயதில் நீ அலறுவாய்.

முதல் பக்கத்தின் கடைசியில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் எழுமே, அது கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் சொல்லித்தான் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். வயது 25. குழுவில் பியானோ வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் இசை இருந்தது. பாட வரியும் இல்லை, மெட்டும் இல்லை. குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். முடித்ததும் அவருக்கு ஒரே கூச்சம். இது வெளியே வராது என்று நினைத்து, ஞாயிறு என்பதால் கிடைத்த இரட்டைக் கூலி 30 பவுண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு கடையில் அந்த இசைத்தட்டின் உறையில் தன் பெயரைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது.

அவர் அன்று நினைத்தது எவ்வளவு தப்பு, பார். அந்த ஆல்பம் 1973 முதல் 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 741 வாரம் இருந்தது. அந்தக் குழுவின் 1994 கச்சேரிகளில் அவர் ஒருவர் பாடியதை மூன்று பெண்கள் பங்கு போட்டுப் பாடினார்கள். அந்தக் குரல் உச்சிக்குப் போய், களைத்து, முனகலாக இறங்கும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அடக்கிப் பாடியிருந்தால் அது வந்திருக்காது கண்ணு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004-இல் கிளேர் டோரி அந்தப் பாட்டின் இசையமைப்பில் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார். மறு வருஷம் சமரசம் ஆகி, ரைட்டோடு சேர்த்து இசையமைத்தவர் என்று அவர் பெயரும் ஏறியது. நீயும் கையெழுத்துப் போடும் தாளை முழுசாகப் படித்துவிட்டுப் போடு.

இரண்டாம் பக்கம் சில்லறைச் சத்தத்தோடு தொடங்கும். தொடையில் தாளம் போட்டுப் பார், ஏழு வரும். உன் பாட்டு டீச்சர் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு தாளம் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

பொங்கலுக்கு வரும்போது நீ பாடியதைக் கொண்டு வா. முதலில் அதைக் கேட்போம், அப்புறம் இந்தக் கேசட். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பக்கம் மாற்ற நான் மட்டும் எழுந்து போகிறேன்.

அன்புடன்,
அப்பா