மூக்கை மாற்றித் தர முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 12, பறவையியல் அறிஞர் சலீம் அலி பிறந்தநாளுக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பறவை ஓவியப் போட்டி வைத்தார்கள். என் ஐந்தாம் வகுப்பிலிருந்து போன ஆறு பேரில் மூன்று பேர் பென்குவின் வரைந்தார்கள், இரண்டு பேர் நெருப்புக்கோழி, ஒருத்தி பஞ்சவர்ணக்கிளி. எல்லாம் கடையில் விற்கும் சார்ட்டில் இருப்பவை. பள்ளிக்குப் பின்னால் ஏரி இருக்கிறது. வேடந்தாங்கல் சைக்கிள் மிதிக்கும் தூரம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வாழும் இடத்துக்கும் இரைக்கும் ஏற்ற உடலமைப்பு, அதாவது ‘தகவமைப்பு’ என்று கரும்பலகையில் எழுதி, ஐந்து உதாரணங்களை மனப்பாடம் செய்யச் சொன்னவள் நான்தான்.

அடுத்த வாரம் வேப்பமரத்தடியில் மூன்று பேசின் வைத்தேன். ஒன்றில் தண்ணீரில் மிதக்கும் பொரி, ஒன்றில் சேற்றுக்குள் புளியங்கொட்டை, ஒன்றில் அறுத்துப் போட்ட ரப்பர் பேண்டு. இடுக்கி, கரண்டி, துணி கிளிப், டீ வடிகட்டி என்று ஆளுக்கு ஒரு மூக்கு. ஒரு நிமிஷத்தில் எடுத்ததுதான் அன்றைய சாப்பாடு. வடிகட்டிக்காரன் சேற்றை அள்ளி அள்ளிப் பார்த்துவிட்டு, “டீச்சர், என் மூக்கு சரியில்ல, மாத்திக் குடுங்க” என்றான். பறவைக்கு யாருடா மாற்றித் தருவார்கள் என்றேன். முறைத்தான். அப்புறம் அவனாகவே பொரி பேசினுக்கு நகர்ந்தான். இரண்டு வாரலில் பாதி பொரி காலி! மீன் பிடிக்க ஆசைப்பட்டுத்தான் கொக்கு மூக்கை நீட்டிக்கொண்டது என்று அதற்கு முந்தின நாள்வரை எழுதிக்கொண்டிருந்த வகுப்பு இது.

பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். மூக்கை மூடினாலும் நடுவில் சந்து தெரியும் நத்தைகுத்தி நாரை நான்கைந்து நின்றன. வரப்பில் காலி நத்தை ஓடுகள். பாக்குவெட்டி மாதிரி நசுக்கித் தின்னும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு பெண் ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “உடையவே இல்லையே டீச்சர்” என்றாள். கீழ் அலகின் கூர்நுனியை உள்ளே விட்டு, சதையை அறுத்து இழுத்துவிடுகிறது. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும் என்று சொன்னதும் கேள்விகள் கிளம்பின. பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

ஏரியில் என்ன பாடம் என்று சில பெற்றோர் கேட்டார்கள். தண்ணீர் பயம் நியாயமானது. மழைக்காலத்தில் கரைக்குக் கீழே இறங்கவே கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதம், ஒப்புதல், போட்டோ என்று அலைந்தால் பருவமே முடிந்துவிடும். வாரம் ஒரு பீரியட் வெளியே போகலாம் என்று பொதுவாக ஒரு உத்தரவு வந்தால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு உள்ளூர்ப் பறவையின் படம் போடுங்கள். கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், மீன்கொத்தி என்று தமிழ்ப் பெயரோடு போடுங்கள். நத்தைகுத்தி நாரையை ‘ஓபன்பில் ஸ்டார்க்’ என்று அச்சடித்தால் நத்தை காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை,
மதுராந்தகம் வட்டம்